ஆறு பத்துக்கு வரும் போன்

அத்தியாயம் 4

'நுண்ணறிவுச் சிந்தனையாளர் பேரவை' என்று லெட்டர்பேடில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்ததைப் பார்த்து, குறைந்தபட்சம் ஒரு மண்டபமாவது இருக்கும் என்றுதான் கொசு நினைத்தான். வந்து பார்த்தால் தையல் கடையின் பின்னறை. வெட்டுத்துணி மூட்டை இரண்டு, ஒரு கால் ஆடும் பெஞ்சு, கோட்டு மாட்டிய தலையில்லாத பொம்மை ஒன்று. பொம்மையையும் சேர்த்து எண்ணினால் பேரவைக்கு உறுப்பினர்கள் ஐந்து. சேர்க்காவிட்டால் நாலு. அந்த நாலிலும் ஒருவரை ஆறு நாளாகக் காணோம்.

காணாமல் போனவர் சாவிக்காரர். கடைத்தெருவில் பூட்டு ரிப்பேரும் மாற்றுச் சாவியும் செய்து கொடுப்பவர். போன வியாழக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினார், வீடு போய்ச் சேரவில்லை.

போலீஸ் இதற்கு ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் அவர் குடியிருக்கும் வரிசையில் ஒரு வீட்டுக்காரர், சாயங்கால நேரத்தில் யாரோ தன் கதவில் சாவி போட்டுத் திருப்பியதாகப் புகார் கொடுத்திருந்தார். பூட்டைப் பற்றித் தெரிந்த ஆள், திறக்கப் பார்த்த கதவு, தலைமறைவு. மூன்றையும் கூட்டி, "திருடன், ஓடிட்டான்" என்று விடை எழுதிவிட்டு இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார்.

அதனால்தான் நேற்று சாவிக்காரரின் மனைவி, ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பு மாற்றாமல் அப்படியே, பல்லாஸ்பத்திரிக்கு மேல் மாடியிலிருக்கும் துப்பறியும் அலுவலகத்துக்குப் படியேறி வந்தாள்.

"அவரு திருடன் இல்லைன்னு நீங்க நிரூபிக்க வேண்டாம்மா. அது எனக்கே தெரியும். ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

'எப்படி இருந்தாலும்' என்பதை அவள் சொன்ன விதத்தைக் கேட்டு, கொசு வாயில் வந்ததை விழுங்கிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டான். சாதாரணமாக அவன் வாயில் எதுவும் தங்காது. அந்த அலுவலகத்தை நடத்தும் மேடத்தின் காதோரம், உதவியாளனாக இருந்துகொண்டு ஓயாமல் ரீங்காரம் போடுவதால்தான் அவனுக்கு அந்தப் பெயர். மேடம் இருபத்தைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் செத்தவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று விசாரித்துச் சம்பளம் வாங்கியவர். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். பேச்சு குறைவு. அவர் மிச்சம் வைக்கும் பேச்சையெல்லாம் கொசு செலவழித்துவிடுவான்.

"மினிட்ஸ் புத்தகத்தை வெளியாருக்குக் காட்ட விதிகளில் இடமில்லை" என்றார் தையல் கடைப் பின்னறையில் பேரவைத் தலைவர், கூட்டக் குறிப்பு நோட்டின் மேல் கையை வைத்தபடி.

ஓய்வு பெற்ற கல்வி அதிகாரி. ஓய்வு பெற்றுவிட்ட செய்தியை அவரிடம் யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை போலிருந்தது. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார்.

"உறுப்பினர் ஆயிட்டா காட்டலாமா சார்?" என்றான் கொசு.

"விண்ணப்பம் தர வேண்டும். பொதுக்குழு பரிசீலிக்கும்."

"பொதுக்குழு எங்க சார் இருக்கு?"

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு கையைத் தூக்கினார். பல் டாக்டரும் தூக்கினார். மேடத்தின் அலுவலகத்துக்குக் கீழே பல் பிடுங்குபவர் இவர்தான். இந்த அம்மாவிடம் போங்கள் என்று அந்த மனைவியை மாடிக்கு அனுப்பியவரும் இவர்தான்.

"பொம்மையும் ஆதரிக்குதாம்" என்று கோட்டுக் கையைப் பிடித்துத் தூக்கினான் கொசு. "ஏகமனதா நிறைவேறிடுச்சு சார். புத்தகம்?"

தலைவர் புத்தகத்தை எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை. தானே வாசிப்பார் என்று தெரிந்தது.

பேரவையின் வேலை ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து மணிக்கு ஒருவர் ஒரு விசித்திரமான சம்பவத்தைச் சொல்வார். மற்ற மூவரும் கேள்வி கேட்டுக் கேட்டு அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சொன்னவர் 'ஆமா', 'இல்ல', 'சம்பந்தமில்ல' என்ற மூன்றில் ஒன்றைத்தான் பதிலாகச் சொல்லலாம். நாலாவதாக ஒரு வார்த்தை வந்தால் தலைவர் மேசையைத் தட்டுவார். ஒன்பது வருஷமாகத் தட்டியதில் மேசையில் அந்த இடம் மட்டும் வழவழவென்றிருந்தது.

"சாவிக்காரர் கடைசியா வந்த ஞாயிற்றுக்கிழமை யாரோட முறை?" என்று கேட்டார் மேடம்.

"அவன் முறைதாம்மா" என்றார் தையல்காரர். "கேட்டுட்டு நாங்க சிரிச்சோம்."

தலைவர் கனைத்துக்கொண்டு வாசித்தார். "புதிர் எண் நானூற்றுப் பதினொன்று. ஒருவன் தினமும் சாயங்காலம் ஒரு கடையிலிருந்து போன் செய்கிறான். ரிசீவரைக் காதில் வைப்பதில்லை. எதிர்முனையில் எடுத்ததும் பேசாமல் வைத்துவிடுகிறான். அதன் பிறகு அவனுக்கு நிம்மதி. ஏன்?"

கொசு மேடத்தைப் பார்த்தான். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

நேற்று அந்த மனைவி சொன்ன நூறு விஷயங்களில் இதுவும் ஒன்று. ரெண்டு மாசமாகத் தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு வீட்டில் போன் அடிக்கும், எடுத்தால் வைத்துவிடுவார்கள். "நாள் முழுக்க வார்டுல நின்னுட்டு வந்து அப்பதான் காலை நீட்டுவேன் தம்பி, உடனே மணி அடிக்கும். எந்தப் பொறுக்கியோ! ஒருநா பொறுக்க முடியாம ரிசீவரையே எடுத்துக் கீழ வச்சுட்டேன்." கொசு அப்போது பொறுக்கிகளின் வகைகளைப் பற்றி ஒரு ஜோக் அடித்து அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"கேள்விகளைப் படிங்க" என்றார் மேடம்.

"முதல் கேள்வி, பல் டாக்டர். 'கள்ளக் காதலா?' பதில், இல்லை. அடைப்புக்குறிக்குள், சபையில் சிரிப்பு."

"ஒவ்வொரு வாரமும் எனக்கு முதல் கேள்வி அதுதான்" என்றார் பல் டாக்டர் பரிதாபமாக. "போன மாசம் ஒரு ஒட்டகத்தைப் பத்தின புதிருக்கும் அதைத்தான் கேட்டேன்."

"இரண்டாவது, நான். 'அவன் யாரையேனும் அச்சுறுத்துகிறானா?' இல்லை. மூன்றாவது, தையல்காரர். 'அவனுக்குக் காது கேட்காதா?' பதில்..." தலைவர் முகம் சுளித்தார். "'இல்ல. நல்லாக் கேக்கும், அதான் பொழைச்சான்.' முதல் சொல்லுக்குப் பிறகு வந்தவை விதிமீறல். குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன."

"நீக்கிட்டீங்க, சரி. ஆனா எழுதி வச்சிருக்கீங்களே சார்?"

"எதை நீக்கினோம் என்பதற்குப் பதிவு வேண்டாமா?"

கொசு தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அதிகாரியின் மூளைக்கு நன்றி சொன்னான்.

"நான்காவது, பல் டாக்டர். 'எதிர்முனையில் எடுப்பவர் முக்கியமா?' பதில், 'மெதுவா எடுத்தா நல்லது.' நீக்கப்பட்டது. மேசை தட்டப்பட்டது. ஐந்தாவது, நான். 'போன் செய்யாவிடில் அவனுக்கு ஆபத்தா?' ஆமாம். ஆறாவது, தையல்காரர்." அங்கே தலைவரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்தக் கேள்வி அனுமதிக்கப்படவில்லை."

"என்ன கேள்வி?" என்றார் மேடம்.

தலைவர் பக்கத்தைப் புரட்டப் போனார். தையல்காரர்தான் சொன்னார்.

"'அந்த ஆளு நமக்குத் தெரிஞ்சவனா?'ன்னு கேட்டேம்மா. அவன் வாயைத் திறந்தான். இவரு மேசையைத் தட்டிட்டாரு. விதி நாலு. புதிர்ல வர்ற ஆளு இந்த ரூம்ல இருக்கறவனாவோ, தெரிஞ்சவனாவோ இருக்கக்கூடாது, அப்படிக் கேக்கவும் கூடாது."

"அப்படி எதுக்கு ஒரு விதி?"

தலைவர் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார். பல் டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏழு வருஷம் முன்னாடி நான் ஒரு புதிர் போட்டேன். 'ஒருத்தர் தினமும் சாப்பிட்டு முடிச்சதும் பல்லைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு மனைவி முன்னாடிகூட வாயைத் திறக்க மாட்டார். ஏன்?'னு. அடுத்த வாரமே விதி நாலு வந்துடுச்சு."

தலைவரின் வாயில் வரிசை குலையாமல் இருந்த முப்பத்திரண்டு பற்களையும் கொசு ஒருமுறை பார்த்தான். கைவசம் நல்ல ஜோக் ஒன்று இருந்தது. ஏனோ அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"வாயைத் திறந்தவர் அப்புறம் என்ன செஞ்சார்?"

"மூடிக்கிட்டான்" என்றார் தையல்காரர். நாடாவின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "நாங்க விடையைக் கண்டுபிடிக்கல. நேரம் முடிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் பாப்போம்னு எழுந்தோம். அவன் மட்டும் உக்காந்தே இருந்தான். 'யாராவது என்கூட வீடு வரைக்கும் வர்றீங்களா'ன்னு கேட்டான். என்னடா புதுப் பெண்ணா நீ, துணைக்கு ஆளு கேக்குறேன்னு கிண்டல் பண்ணினேன். அவனும் சிரிச்சான்."

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை?"

தலைவர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அழகான கையெழுத்து. 'சாவிக்காரர்: முன்னறிவிப்பின்றி வரவில்லை.'

அன்றைக்கு அவர் காணாமல் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

---

"திருட்டு இல்ல, பொம்பளை இல்ல, மிரட்டல் இல்ல" என்று தெருவில் இறங்கியதும் ஆரம்பித்தான் கொசு. "தன் வீட்டுக்கே போன் பண்ணித் தன் பொண்டாட்டியையே வெறுப்பேத்தற ஆளை நான் இப்பதான் மேடம் பாக்குறேன். மத்தவங்க அதை நேர்லயே செய்வாங்க."

"காதுல ஏன் வைக்கல?"

"பொண்டாட்டி குரலைக் கேக்கப் பயமோ என்னவோ மேடம். எனக்கே சில நாள் உங்க போன் வந்தா அப்படித்தான்..."

"கொசு."

"சரி மேடம்."

சாவிக்காரர் குடியிருந்தது ஊழியர்களுக்கென்று கட்டிய ஒரு வரிசை வீடுகளில். ஆஸ்பத்திரி கொடுத்தது, பதினாலு மாசம் முன்னால்தான் குடிவந்தார்கள். குறுகலான தெரு, பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு வீடு. தெரு முனையில் மருந்துக்கடை. அதன் கல்லாவுக்குப் பக்கத்தில், காசு போட்டுப் பேசும் சிவப்பு போன்.

"சாவிக்காரரா? தினமும் வருவாரே" என்றார் மருந்துக்கடைக்காரர். "டான்னு ஆறு பத்துக்கு. நம்பரைச் சுத்துவாரு, ரிசீவரைக் கையில பிடிச்சுத் தொங்க விட்டுட்டு, தலையை வெளிய நீட்டித் தெருவைப் பாத்துட்டே நிப்பாரு. பேசுறது யாரு, ரிசீவரா தெருவான்னு நானே கேட்டிருக்கேன். சிரிச்சுட்டுப் போயிடுவாரு."

"வியாழக்கிழமையும் வந்தாரா?" என்றான் கொசு.

"அதைத்தான் போலீஸ்கிட்டயும் சொல்ல நினைச்சேன். அவங்க எங்க கேட்டாங்க? பூட்டு உடைக்கற கம்பி ஏதாவது வாங்கினானான்னு கேட்டாங்க, மருந்துக்கடையில! அன்னிக்கு ஒம்பது தடவை சுத்தினாரு சார். ஒம்பது தடவையும் எங்கேஜ்டு. போட்ட காசு திரும்ப விழும், அதே காசை எடுத்து மறுபடி போடுவாரு. கடைசியில காசைக் கையில வச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரு. தெருவுக்குள்ள கொஞ்ச தூரம் நடந்து போனாரு, திரும்பி வந்தாரு. மறுபடி போனாரு. அப்புறம் நான் வியாபாரத்துல கவனிக்கல."

மேடம் கைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டு, மனைவியின் நம்பரைச் சுழற்றினார். ரிசீவரைக் காதில் வைக்கவில்லை. கையில் தொங்கவிட்டுக்கொண்டு கடை வாசலுக்குத் தலையை நீட்டினார்.

"வாயை மூடிட்டுக் கேளு" என்றார்.

கொசு தெருவைப் பார்த்தான். பதினாலு வீடும் ஒரே உயரம், ஒரே ஜன்னல். சாரம் பிரித்து ரெண்டு நாள்கூட ஆகவில்லை. ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு, எல்லாம் புதுப் பெயிண்ட். பெயிண்ட் அடிப்பதற்காகக் கழற்றிய நம்பர் தகடுகளைத் திரும்ப மாட்டவில்லை. தெரு முனையில் ஒரு சாக்கில் குவியலாகக் கிடந்தன.

வலது பக்க வரிசையில், நாலாவது வீட்டிலிருந்து மணி அடித்தது. ஒரே ஒருமுறைதான். அதற்குள் யாரோ பாய்ந்து எடுத்துவிட்டார்கள். மேடத்தின் கையில் தொங்கிய ரிசீவருக்குள் சின்னதாக ஒரு குரல், "ஹலோ, யாரு, கிடைச்சுட்டாரா, ஹலோ" என்று அலறிக்கொண்டிருந்தது.

மேடம் ரிசீவரைக் காதுக்குக் கொண்டுபோனார். "நான்தாம்மா. இதோ வர்றோம்."

கொசு மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"தன் வீடு எதுன்னே ஞாபகம் நிக்கல மேடம் அவருக்கு" என்றான். "போனைப் போட்டுட்டு, எந்த வீட்ல மணி அடிக்குதுன்னு பாத்துட்டு, அங்க போயிருக்காரு. அதான் மெதுவா எடுத்தா நல்லதுன்னாரு."

"ரெண்டு மாசமா. எப்ப நம்பர் தகடைக் கழட்டினாங்களோ அப்பலேர்ந்து."

"அந்தப் புகார்?"

"ஒருநாள் தெரியாம அடுத்தவங்க கதவுல சாவி போட்டுட்டார். வேற யாரா இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடலாம். பூட்டு வேலை செய்யறவன் அடுத்த வீட்டுக் கதவுல சாவியோட நின்னா?"

ஊரிலுள்ள எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த ஆள், அதற்குப் பிறகு ஒரு கதவையும் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. கடைசியில் கேட்டார்தான். அதற்கென்று இருந்த இடத்தில், அதற்கென்று இருந்த மூன்று வார்த்தைகளுக்குள் கேட்டார். அவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அப்புறம்தான் கொசுவுக்கு இன்னொன்று உறைத்தது.

"மேடம். ஒருநா ரிசீவரை எடுத்துக் கீழ வச்சேன்னு சொன்னாங்களே. என்னிக்குன்னு நாம கேக்கல."

"இல்ல. கேக்கல."

"ஒம்பது தடவை எங்கேஜ்டு."

மேடம் ரிசீவரைத் திரும்ப மாட்டினார்.

"அந்த அக்காகிட்ட இதை மட்டும் சொல்ல வேண்டாம் மேடம். உங்க சர்வீஸ்ல நூறு பொய்யைக் கண்டுபிடிச்சிருப்பீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுங்க, நான் சொல்லிக்கறேன்."

---

சாவிக்காரரின் மனைவி வாசலிலேயே நின்றாள். கண்ணுக்குக் கீழே ஆறு நாளின் கறுப்பு.

"இதுக்கு முன்னாடி எங்கம்மா இருந்தீங்க?" என்றார் மேடம்.

"பழைய வீட்லயா? ஐஸ் பேக்டரிக்குப் பின்னாடி. இருபத்திரண்டு வருஷம். இடிக்கப் போறாங்கன்னு எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போலீஸ் அங்கயும் போய்ப் பாத்துச்சும்மா. வாசல்ல பூட்டு தொங்குதுன்னு திரும்பி வந்துட்டாங்க."

காணாமல் போனது பூட்டுக்காரர். பூட்டைப் பார்த்துத் திரும்பியது போலீஸ். இதைச் சொன்னால் மேடமே சிரிப்பார். கொசு அதையும் விழுங்கினான்.

"எதுக்கும்மா கேக்குறீங்க? போன் பண்ணினவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா" என்றான் கொசு வேகமாக. "அது ஏதோ ராங் நம்பர். மிஷின் கோளாறு. டெலிபோன் ஆபீஸ்ல விசாரிச்சுட்டோம், கேபிள்ல எலி..."

அவள் அவனைப் பார்த்தாள். வார்டில் முப்பது கட்டிலுக்கு நடுவே நின்று, யார் வலியை மறைக்கிறார்கள் என்று பார்வையிலேயே கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் பெண். எலியெல்லாம் அவளிடம் எடுபடவில்லை. மெதுவாகத் திரும்பி, ஸ்டூல் மேலிருந்த கறுப்பு போனைப் பார்த்தாள். பிறகு வாசல் வழியே, வரிசையாக நின்ற பச்சைக் கதவுகளைப் பார்த்தாள்.

"முன்ன எங்க கதவு மட்டும் நீலம்" என்றாள். "குடிவந்த அன்னிக்கே அவரு கையால அடிச்சாரு. எதுக்குன்னு கேட்டேன். அழகுக்குன்னாரு."

கொசு அந்தப் பச்சைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"போன் வச்ச ரெண்டாவது நிமிஷம் வந்துடுவாரு தம்பி. தினமும். நான் அந்தப் பொறுக்கியைத் திட்டிட்டே இருப்பேன். இவரு குனிஞ்சு செருப்பைக் கழட்டிட்டே கேப்பாரு, 'ரொம்பத் தொந்தரவா இருக்கா'ன்னு." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கிழமை அன்னிக்கு நைட் ஷிப்ட் முடிச்சு, பகல் ஷிப்டும் சேர்த்துப் பாத்துட்டு வந்தேன். கொஞ்ச நேரம் தூங்கலாம்னு ரிசீவரை எடுத்து..."

"அக்கா..."

"ஊர்ல இருக்கறவன் நடையெல்லாம் பாத்து என்ன நோவுன்னு சொல்லுவேன் தம்பி நான்."

அவள் அழவில்லை. கதவைப் பூட்டினாள். "வாங்க, அங்கதான் இருப்பாரு" என்று அவர்களுக்கு முன்னால் நடந்தாள்.

---

ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இருந்த தெருவில் பாதி வீடுகள் இடிந்து கிடந்தன. முனையில் ரொட்டிக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் உற்சாகமாகக் கையாட்டினார். "என்னம்மா, திரும்பக் குடி வந்துட்டீங்களா? அவரு காலைலகூட ரொட்டி வாங்கிட்டுப் போனாரே!"

ஒரு ஊரே தேடாமல் விட்ட ஆள், தினமும் காலையில் ரொட்டி வாங்கியிருக்கிறார்.

வாசல் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கதவின் கீலெல்லாம் துரு ஏறியிருக்க, பூட்டில் மட்டும் துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்த பூட்டு வெயிலில் மின்னியது. மேடம் அதை ஒரு கணம் விரலால் தொட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். பின்கதவின் பழைய சாவி சாவிக்காரரின் வளையத்தில் எப்போதும் இருக்கும் என்று மனைவி சொன்னாள்.

கதவு சும்மா சாத்தியிருந்தது.

சாவிக்காரர் வெறும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஒரு அலமாரிப் பூட்டைக் கழற்றி, அதன் உள்ளுறுப்புகளைக் காகிதத்தில் ஒழுங்காகப் பரப்பி வைத்திருந்தார். ரொட்டியில் பாதி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். பக்கத்தில் தரையில், போனில் போட்டுப் போட்டு எடுத்த அந்தக் காசு.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். மூன்று பேரையும் மரியாதையாகப் பார்த்தார். மனைவியின் முகத்தில் பார்வை கொஞ்சம் தங்கியது, பிறகு நகர்ந்துவிட்டது.

"வாங்க. பூட்டு ஏதாவது ரிப்பேரா?"

மனைவி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "இல்லைங்க. நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

"வீட்டுக்குத்தான் போகணும்" என்றார் அவர். யாரோ தெரியாதவரிடம் சொல்லும் குரல். "போன் பண்ணினேன், எங்கேஜ்டாவே இருக்கு. எங்க வீட்டுக்காரி யார்கிட்டயோ பேசிட்டு இருக்கா. பாவம், நாள் பூரா ஆஸ்பத்திரியில நோயாளிங்களோட கத்திட்டு வர்றவ. ஒரு நாளாவது நிம்மதியாப் பேசட்டும். பேசி முடிக்கட்டும்னு இருக்கேன்."

கொசு வெளியே பார்த்துக்கொண்டான். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதை வெகு சிரத்தையாகப் பார்த்தான்.

"பேசி முடிச்சாச்சுங்க" என்றாள் அவள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"முடிச்சுட்டாளா?"

"முடிச்சுட்டா."

அவர் பூட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பொருத்தினார். கை ஒரு திருகாணியிலும் தடுமாறவில்லை. முடித்ததும் காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

---

திரும்பும் வழியில், தெரு முனைக்குக் கொஞ்சம் முன்பே மேடத்தின் வண்டியிலிருந்து குதித்து இறங்கிக் கொசு முன்னால் ஓடினான். தெரு முனையில் மேடம் வண்டியை நிறுத்தி அவர்களை இறக்கிவிடுவதற்குள் மருந்துக்கடையை அடைந்து, நம்பரைச் சுழற்றி, ரிசீவரைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தலையை வெளியே நீட்டினான்.

பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்தது. எடுக்க ஆள் இல்லை. அவன் ஆயுளில் எந்த போனையும் யாரும் எடுத்துவிடக்கூடாதே என்று இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

தெரு நடுவில் சாவிக்காரர் நின்றார். பதினாலு கதவையும் பார்த்தார். மனைவி ரெண்டடி பின்னால், அவர் கையைத் தொடாமல் நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் தலை சாய்த்துக் கேட்டார். முகம் மெல்லத் தெளிந்தது. நடந்தார். வலப்பக்கம் நாலாவது கதவு. சாவி வளையத்தில் ஒன்றைத் தேர்ந்து போட்டுத் திருப்பினார். திறந்தது.

அவள் அப்படியே தெருவில் நின்றுவிட்டாள்.

மணி நின்றது. கொசு பதறிப்போய் ரிசீவரைக் காதில் வைத்தான்.

"ஹலோ" என்றது சாவிக்காரரின் குரல். "யாருங்க? யாரு வேணும்?"

கொசுவும் பேசாமல் வைத்துவிட்டான்.

திரும்பினால் பின்னால் பேரவை நின்றிருந்தது. மேடம் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். தையல்காரர் கழுத்து நாடாவோடு, கண்ணைத் துடைக்காமல். பல் டாக்டர் கையுறையோடு. தலைவருக்கு மூச்சிரைத்தது. ஓடி வந்திருக்கிறார். கன்னம் ரெண்டும் உள்ளே குழிந்து, முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. அவசரத்தில் பற்களை டம்ளரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

"வீத்துக்குப் போய்த்தானா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றான் கொசு.

"குணமாயிதுமா?"

கொசு ஒரு நிமிஷம் யோசித்தான். மேடம் எப்போதும் உண்மையைத்தான் சொல்வார். "இல்ல சார்."

தலைவர் தலையாட்டினார். அடுத்த கேள்வி வர நேரமாயிற்று. சொற்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்.

"நாங்க யாருன்னாவது அவனுக்கு ஞாபகம் இருக்குமா?"

மூன்று பதில்களில் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"சம்பந்தமில்ல சார்" என்றான் கொசு. ரிசீவரை அவர் கையில் கொடுத்து நம்பரை எழுதிக் காட்டினான். "நாளைக்கு ஆறு பத்துக்கு வந்துடுங்க. மணி அடிக்கட்டும், நீங்க பேச வேண்டாம்."